குறிப்பிடப்படாத எண்களில் மிகச் சிறியது

இருபத்தெட்டு வருடமாக ஆணை எழுதிப் பிழைக்கிறவன் நான். பெயர் ராமசுப்ரமணியன், தில்லியில் மத்திய அரசுத் துறை ஒன்றில் செக்ஷன் ஆபீசர். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஏன் சொன்னாய் என்று ஒரு மெமோ வரும், அதற்குப் பதில் எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. கோர்ட்டில் போய் நிற்கிற மாதிரி ஒரு வாக்கியம் வேண்டுமென்றால் ராமசுப்ரமணியனிடம் கொடு என்று எங்கள் கட்டடத்தில் மூன்று மாடிக்கும் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கெட்டேன். நானே எழுதிய ஒற்றை வாக்கியம் ஒன்பது வாரம் என்னை நாய் படாத பாடு படுத்திவிட்டது.

விஷயம் இதுதான். ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாக்கடைக் கால்வாய் ஓரமாக ஒரு குடிசைப் பகுதி இருக்கிறது. நாலா பஸ்தி என்பார்கள். பாதிக்கு மேல் கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்து ஜனங்கள். சுற்றியிருக்கிற செக்டர்களில் பாத்திரம் தேய்க்க, கார் ஓட்ட, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் எல்லாரும் அங்கிருந்துதான் வருகிறார்கள். எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்யும் பவுனுவும் அந்த பஸ்திதான். கணவன் பச்சைமுத்துவுக்குக் கட்டட வேலை. மகள் ஸ்நேஹா பத்தாவது படிக்கிறாள். கால்வாயை அகலப்படுத்த பஸ்தியை இடிப்பது என்று முடிவானது. தகுதி உள்ளவர்களுக்கு அடுக்குமாடியில் ஒரு வீடு என்றும் முடிவானது. அந்த வீட்டைக் கொடுக்கிற ஃபைல் எங்கள் துறைக்கு, அதிலும் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுக்கிறவர்கள் பஸ்திக்குப் போனார்கள். ஒவ்வொரு கதவிலும் சிவப்பு பெயின்டில் ஒரு எண். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு கதவுகள். ஆள் இருந்து, காகிதமும் சரியாக இருந்தால் முதல் பட்டியல், அதாவது வீடு உண்டு. காகிதம் சரியில்லை என்றால் இரண்டாம் பட்டியல், வீடு இல்லை. முதலாவதில் நூற்று எண்பத்தெட்டு எண்கள், இரண்டாவதில் நூற்றுப் பதினைந்து. கூட்டிப் பாருங்கள், முன்னூற்று மூன்றுதான் வரும். மீதி ஒன்பது கதவுகள் அன்று பூட்டியிருந்தன. அவற்றை எந்தப் பட்டியலிலும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

அந்த ஒன்பதில் மிகச் சிறிய எண் எண்பத்தேழு. அது பவுனுவின் கதவு. அன்று பகல் பூராவும் அவள் எங்கே இருந்தாள் என்றால், என் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். கொலுவுக்கு என் மனைவி ருக்மிணி முப்பது பேரைக் கூப்பிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போன பவுனுவை, "இன்னிக்கு ஒரு நாள் வந்துட்டுப் போயிடு பவுனு, மாமி தனியா திண்டாடறா" என்று போன் பண்ணி வரவழைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். ஸ்நேஹாவும் அம்மாவுக்கு உதவ வந்துவிட்டாள். பச்சைமுத்து கட்டட வேலைக்குப் போயிருந்தான். கதவில் பூட்டு.

ஜனவரியில் கமிட்டி கூடியது. முதல் பட்டியலுக்குக் கொடுத்தது போக ஒரே ஒரு வீடு மிஞ்சியது. அதை அந்தப் பூட்டிய ஒன்பது பேரில் சிறிய எண்காரருக்குக் கொடுத்துவிடலாமே என்று நான்தான் மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். டீ ஆறிக்கொண்டிருந்ததால் யாரும் மறுக்கவில்லை. ஆணையை நீயே எழுது என்றார்கள்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. ஆணையில் யாருடைய பெயரையும் எண்ணையும் போடக் கூடாது. அடையாளம் சொல்லி எழுத வேண்டும். பெயரைப் போட்டால் போடப்பட்டவனைப் பார்த்துப் போடப்படாதவன் கோர்ட்டுக்குப் போவான். அடையாளம் சொன்னால் யாரும் போக முடியாது, யாரைப் பற்றி என்று கீழே இருக்கிற அலுவலகம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரமே நாங்கள் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம். அந்தப் பழக்கம் அன்று எனக்கு ரொம்பவே வசதியாக இருந்தது. எண்பத்தேழு என்று நான் எழுதினால், அது என்ன எண்பத்தேழு என்று எவனாவது தோண்டுவான். தோண்டினால் என் வீட்டுச் சமையலறையில் வந்து நிற்பான். ஆகவே எண்பத்தேழு என்று எழுதாமலே எண்பத்தேழில் போய் விழுகிற மாதிரி ஒரு வாக்கியம் வேண்டும். இரண்டு பட்டியலும் ஆணைகளாக வந்தவை என்பதால் எனக்கு வழி சுலபமாகக் கிடைத்தது. ஆங்கிலத்தில்தான் எழுதினேன், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இத்துறையின் எந்த ஆணையிலும் குறிப்பிடப்படாத கணக்கெடுப்பு எண்களில் மிகச் சிறிய எண்ணுக்கு உரிய குடும்பத்துக்கு, மீதமுள்ள வீடு ஒதுக்கப்படுகிறது."

எழுதிவிட்டு இரண்டு முறை படித்தேன். என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறைதான். மறுநாள் காலை பவுனு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "ஆர்டர் போட்டாச்சு பவுனு, உனக்கு வீடு வந்தாச்சுன்னு வெச்சுக்கோ" என்று சொன்னேன். அவள் கையில் சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்தாள்.

"எங்க நம்பரு போட்டிருக்கா சார்?"

"நம்பர் போடலை. ஆனா அது உன் நம்பர்தான்."

"போடாம எப்படி சார் எங்களுதாவும்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் என் காது சுடுகிறது.

இரண்டு வாரம் கழித்து ஒதுக்கீட்டுப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. ஒதுக்கீட்டுப் பிரிவு என்பது வேறு கட்டடம், அங்கே அதிகாரி மல்ஹோத்ரா. நல்ல மனிதர்தான், ஆனால் தன் கையெழுத்தைக் கண்டு தானே பயப்படுகிறவர். கடிதத்தில் நாலே வரி. கணக்கெடுப்பு எண் எண்பத்தேழு, தங்களுடைய மேற்படி ஆணையில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆகவே அது 'எந்த ஆணையிலும் குறிப்பிடப்படாத எண்' ஆகாது. ஆகவே அதற்குத் தகுதி இல்லை. அடுத்த எண்ணான நூற்று நான்கை உறுதி செய்யவும்.

நான் போனை எடுத்தேன்.

"மல்ஹோத்ரா சாப், என் ஆர்டரில் எண்பத்தேழு எங்கே இருக்கிறது? எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள்" என்றேன் இந்தியில்.

"இல்லையா? அப்படியானால் எண்பத்தேழுக்கு வீடு கொடுக்கச் சொல்லி எனக்கு ஆர்டரே இல்லை. நான் எப்படிக் கொடுப்பது?"

"என் ஆர்டர் சொல்வது எண்பத்தேழைத்தானே, பாய் சாப்!"

"அச்சா, அப்போது குறிப்பிட்டிருக்கிறீர்கள். குறிப்பிட்டால் தகுதி போயிற்று. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்?"

போனை வைத்துவிட்டேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, எறிந்தேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு என் வாக்கியத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மனிதர் சொல்வது சரி. எண்பத்தேழு குறிப்பிடப்படாதது என்றால், அதையே என் வாக்கியம் குறிப்பிடுகிறது. குறிப்பிட்டதால் அது குறிப்பிடப்படாதது இல்லை. சரி, தொலையட்டும், நூற்று நான்கு என்று எடுத்துக்கொண்டால், இப்போது என் வாக்கியம் குறிப்பிடுவது நூற்று நான்கை. ஆகவே அதற்கும் தகுதி போயிற்று. அது மட்டுமில்லை. வாக்கியம் நூற்று நான்கைத்தான் குறிப்பிடுகிறது என்றால் எண்பத்தேழை அது குறிப்பிடவில்லை, ஆகவே எண்பத்தேழுக்குத் திரும்பவும் தகுதி வந்துவிட்டது! இப்படியே ஒன்பது எண்களையும் சுற்றி வந்தேன். எங்கே நின்றாலும் அங்கே நிற்க முடியவில்லை.

இதற்குள் அந்தக் கடிதம் பஸ்தி வரை கசிந்துவிட்டது. நூற்று நான்காம் எண் டிரைவர் கருப்பசாமியுடையது. அவர் வீடு தனக்குத்தான் என்று தெருவுக்கே லட்டு கொடுத்துவிட்டார். பவுனுவுக்கும் அவர் மனைவிக்கும் தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் வைத்துச் சண்டை. ஒரே சந்துக்காரர்கள், இருபது வருடப் பழக்கம், என் ஒரு வாக்கியத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

திருத்த ஆணை போட்டேன். 'எந்த ஆணையிலும்' என்பதை எடுத்துவிட்டு 'இந்த ஆணைக்கு முன்பு வந்த எந்த ஆணையிலும்' என்று மாற்றினேன். இனி எவன் என்ன செய்ய முடியும் என்று நிம்மதியாகத் தூங்கினேன். பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் திருத்த ஆணைக்கு முன்பு, தங்கள் ஜனவரி ஆணை வந்திருக்கிறது. அதில் எண்பத்தேழு குறிப்பிடப்பட்டது என்று தாங்களே தொலைபேசியில் தெரிவித்தீர்கள். ஆகவே தகுதி இல்லை. அப்போது நான் போனில் கத்தியதையும் மனிதர் ஃபைலில் ஏற்றியிருக்கிறார்!

ஆத்திரத்தில் பஸ் பிடித்து அவர் அலுவலகத்துக்கே போனேன். மல்ஹோத்ரா எனக்கு இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தார். எண்பத்தேழாம் எண் எந்த ஆணையிலும் குறிப்பிடப்படவில்லை என்று துறையின் சான்றிதழ் ஒன்று இருந்தால் தன்னால் ஆனதைச் செய்வதாகச் சொன்னார். அன்று மாலையே தயாரித்தேன். "கணக்கெடுப்பு எண் எண்பத்தேழு இத்துறையின் எந்த ஆணையிலும் குறிப்பிடப்படவில்லை என்று சான்றளிக்கப்படுகிறது." தேதி போட்டு, ஃபைல் எண் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினேன். முத்திரை குத்தும்போதே எனக்குச் சந்தேகம்தான். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. தேதியும் ஃபைல் எண்ணும் முத்திரையும் உள்ள காகிதம் எங்கள் கையேட்டின்படி ஆணைக்குச் சமம். அதில் எண்பத்தேழு வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. இதுவரை இருந்த சந்தேகமும் இதனால் நீங்கியது, நன்றி என்று எழுதியிருந்தார்.

நன்றியாம்! அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் கேட்டால் அதுவும் ஃபைலில் ஏறும்.

தினமும் காலை ஏழு மணிக்கு பவுனு வருவாள். முதலில் "என்னாச்சு சார்?" என்று கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு முகத்தை மட்டும் பார்த்தாள். நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். ருக்மிணி என்னைக் கரித்துக் கொட்டினாள். "ஆத்துல நாலு பேரை அதட்டறேளே, ஆபீஸ்ல ஒரு நம்பரை நகர்த்த முடியலையா?" என்றாள். நம்பர் நகராதது என் குற்றம் இல்லை, தர்க்கத்தின் குற்றம் என்று விளக்கப் போனேன். அவள் மிக்ஸியை ஓடவிட்டாள்.

மார்ச் இரண்டாம் வாரம், சட்டப் பிரிவுக்கு ஃபைலை அனுப்பினேன். அங்கே ஸ்ம்ருதி என்று ஒரு பெண். ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. எங்கள் தூரத்துச் சொந்தம் என்பதால் ஆபீஸிலேயே என்னை அங்கிள் என்பாள். ஃபைலைப் படித்துவிட்டுத் தானே மாடி ஏறி வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்கிள், இது ஃபேமஸ் பிராப்ளம், தெரியுமா? நூறு வருஷத்துக்கு மேல மேத்ஸ்காரா எல்லாம் இதை வெச்சுண்டு மண்டையை ஒடச்சிண்டிருக்கா."

"நான் ஒன்பது வாரமா ஒடச்சிண்டிருக்கேன். இதுல என்ன சிரிப்பு?"

அவள் எதிரே உட்கார்ந்தாள். ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லி, அதைத் தமிழில் சொல்லுங்கள் என்றாள். நான் சொன்னேன்: பத்துச் சொற்களுக்குள் சொல்ல முடியாத எண்களில் மிகச் சிறியது.

"அப்படி ஒரு நம்பர் இருக்கணும் இல்லையா? வார்த்தைங்க இவ்வளவுதான்னு ஒரு கணக்கு இருக்கு. பத்து வார்த்தைக்குள்ள எப்படி மாத்தி மாத்திப் போட்டாலும் கொஞ்சம் நம்பரைத்தான் சொல்ல முடியும். மிச்ச நம்பர்ல ஒண்ணு எல்லாத்தையும் விடச் சின்னதா இருந்துதானே ஆகணும்?"

"இருக்கும். அதனால?"

"இப்ப நீங்க சொன்ன வார்த்தையை எண்ணுங்கோ."

விரல் விட்டு எண்ணினேன். ஏழு. பத்துச் சொற்களுக்குள் சொல்லவே முடியாத எண்ணை ஏழே சொற்களில் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை எண்ணினேன். ஏழுதான். மல்ஹோத்ராவே எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"நீங்க எழுதினதும் இதேதான் அங்கிள். சொல்லலைன்னு சொல்லியே ஒரு நம்பரைச் சொல்றேள். முன்னாடி, பின்னாடின்னு எதைச் சேர்த்தாலும் இனிமே சரியாகாது. ஆர்டர் வெளில போயாச்சு."

"எனக்கு மேத்ஸ் வேண்டாம் ஸ்ம்ருதி! இருபத்தெட்டாம் தேதி புல்டோசர் வருது. அந்தப் பொம்மனாட்டிக்கு ஒரு வீடு வேணும். வழி இருந்தா சொல்லு."

"இருக்கே. ரொம்ப சிம்பிள். நம்பரைப் பத்தி எழுதாதேங்கோ, நம்பரை எழுதுங்கோ. பழைய ஆர்டரை கேன்சல் பண்ணிட்டு, எண்பத்தேழு, பவுனுன்னு போட்டுடுங்கோ. முடிஞ்சுது." ஃபைலை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "அது சரி, முதல்லயே ஏன் போடலை?"

துறைப் பழக்கம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதுவரை நான் மறைத்துத்தான் வைத்திருந்தேன். வீடு ஒதுக்கும் விதிகளில் ஆறாவது பத்தி என்று ஒன்று இருக்கிறது. கணக்கெடுப்பு நாளில் ஒருவர் வேலைக்குப் போயிருந்ததால் கதவு பூட்டியிருந்தால், வேலை கொடுத்தவர் அன்று அவர் தன்னிடம் வேலை செய்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும்; எண் நேராக முதல் பட்டியலில் சேரும். அப்படிச் சேர்கிறவர்களுக்கென்றே சில வீடுகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். கமிட்டி வேண்டாம், மீதி வீடு வேண்டாம், சிறிய எண் பெரிய எண் எதுவும் வேண்டாம். அந்தப் பத்தி எனக்கு அக்டோபரிலேயே தெரியும். அதை ஃபைலில் தட்டச்சு செய்ததே நான்தான். வேலை கொடுத்தவர் எழுத வேண்டும் என்றால் நான் எழுத வேண்டும். வீடு கொடுக்கிற செக்ஷன் ஆபீசரே தன் வீட்டு வேலைக்காரிக்கு எழுதிக் கொடுத்தான் என்று நாளைக்கு விஜிலென்ஸில் எவனாவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால், பதினான்கு மாதத்தில் வர வேண்டிய ஓய்வூதியம் எங்கே போய் நிற்கும்? அதோடு எங்கள் செக்டரில் யாரும் வேலைக்காரர்களுக்கு எதையும் எழுத்தில் கொடுப்பதில்லை. கொடுத்தால் நாளைக்கு அதை வைத்துக்கொண்டு வேறு எதையாவது கேட்பார்கள் என்று பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆகவேதான் என் பெயரும் வராமல் அவள் எண்ணும் வராமல் ஒரு வாக்கியம் எழுதினேன். தர்க்கத்தின் மேல் பழி போட்டேனே, தர்க்கம் பாவம், அது தன் வேலையைத்தான் செய்தது.

மறுநாள் காலை பவுனு ஒரு காகிதத்தோடு வந்தாள். பஸ்திச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை ஸ்நேஹா போன் கேமராவில் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணி.

"சார், எங்க வூட்டுல சாமானெல்லாம் கட்டி வெச்சிட்டோம். எங்க எடுத்துக்கினு போறதுன்னுதான் தெரியல. பாப்பாக்கு இன்னும் ஒரு பரிச்சை இருக்குது." அவள் அழவில்லை; அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்க நம்பரு எம்பத்தேழு. கதவுல கூட செவப்புல எழுதியிருக்குது. அத ஒரு காயிதத்துல எழுதறதுக்கு அப்படி என்னா சார் கஷ்டம்?"

சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பிடாமல் ஆபீஸ் போனேன்.

ஒரே ஒரு பக்கம் எழுதினேன். முந்தைய ஆணையும் திருத்தமும் சான்றிதழும் ரத்து. கணக்கெடுப்பு எண் எண்பத்தேழு, பவுனு, கணவர் பெயர் பச்சைமுத்து. கணக்கெடுப்பு நாளில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை அவர் ஆர்.கே.புரத்தில் என் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். நான் அழைத்ததால் வந்தார். ஒன்பது வருடமாக என் வீட்டில் வேலை செய்கிறார். இந்த ஃபைலைக் கையாள்பவனும் நானே என்பதால் இதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கீழே முழுப் பெயர், பதவி, வீட்டு விலாசம். இருபத்தெட்டு வருடத்தில் இவ்வளவு மோசமான நடையில் நான் எதையும் எழுதியதில்லை. அடையாளமே சொல்லவில்லை, எல்லாம் பெயரும் எண்ணும்தான்.

ஃபைலை நானே எடுத்துக்கொண்டு துணைச் செயலாளர் திருமதி வர்மாவின் அறைக்குப் போனேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது பாரா ஆறுதானே, ராமசுப்ரமணியன்?"

"ஆமாம் மேடம்."

"பிறகு எதற்கு அந்த மிகச் சிறிய எண் கதையெல்லாம்?"

விளக்கம் கேட்டு மெமோ வரும், ஃபைலை வேறு செக்ஷனுக்கு மாற்றுவார், இன்னும் ஒரு மாதம் ஓடும் என்று நின்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அரை நிமிஷம் கூட ஆகியிருக்காது. அந்த மீதி வீடு அடுத்த எண்ணான நூற்று நான்குக்குப் போகட்டும், இந்த முறை எண்ணை எழுதி அனுப்பு என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து வராந்தாவில் நின்றபோது எனக்கு நிம்மதியாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. அரை நிமிஷக் காரியத்தை ஒன்பது வாரம் ஆக்கியவன் மேல் எரிச்சல்.

இருபத்தைந்தாம் தேதி மாலை ஒதுக்கீட்டுக் கடிதம் என் கையில். மல்ஹோத்ரா இந்த முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பவுனுவை வீட்டுக்கு வரச் சொல்லி, கடிதத்தையும் அதோடு சேர்த்து வைத்திருந்த என் ஒரு பக்கத்தின் நகலையும் கொடுத்தேன். கூட வந்திருந்த ஸ்நேஹா வாங்கி, ஆங்கிலத்தை இந்தியிலும் தமிழிலுமாக அம்மாவுக்குப் படித்துச் சொன்னாள். பவுனு தரையில் உட்கார்ந்து கேட்டாள். எண்பத்தேழு என்று வந்த இடத்தில் திரும்பவும் படிக்கச் சொன்னாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "இதுல இருக்கறது இவ்ளோதானா சார்? நான் உங்க வூட்டுல வேல செஞ்சிக்கினு இருந்தேன்னு நீங்க எழுதனதுதானா?"

"ஆமாம்."

"அது போதுமா?"

"போதும்."

"அக்டோபர்லயே எழுதியிருந்தா அப்பவும் போதுமா?"

சமையலறையில் ருக்மிணி குழாயை மூடிய சத்தம் கேட்டது. போதும் என்றேன்.

பவுனு சண்டைக்கு வரவில்லை. விரல்களை மடக்கி என்னவோ கணக்குப் போட்டாள். "கருப்பசாமி அண்ணனுக்கு மீந்த வூடு கெடச்சிடுச்சு. இன்னும் ஏழு பேரு இருக்காங்க சார். எல்லாரும் அன்னிக்கு எங்கள மாதிரி எங்கியாவது வேலைக்குப் போனவங்கதான். நூத்தி முப்பத்தொண்ணு இராஜமாணிக்கம், செக்டர் நாலுல டைரக்டர் சார் வூட்டுல செடிக்குத் தண்ணி ஊத்தறவரு. நூத்தி நாப்பது உமாமகேஸ்வரி, பக்கத்து பிளாக்குல டாக்டரம்மா வூட்ல இருந்தா. அவங்களுக்கும் இது மாதிரி எழுதிக் குடுத்தா போதுமில்ல?"

"போதும். ஆனா அவங்கவங்க வேலை செய்யற வீட்டுல எழுதித் தரணும். மூணு நாள்தான் இருக்கு."

"குடுப்பாங்களா சார்?"

செக்டர் நாலு டைரக்டரை எனக்குத் தெரியும். மலை மந்திர் கோயில் பக்கம் காலையில் நடக்கப் போகும்போது தினமும் பார்த்து வணக்கம் சொல்கிறவர்தான். பூக்காரியிடம் அவர் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

"நான் போய்க் கேக்கறேன்" என்றாள் பவுனு. ஸ்நேஹா கையிலிருந்து என் ஒரு பக்கத்தை மட்டும் உருவி எடுத்தாள். "இதக் காட்டறேன். பாருங்க, இந்த சாரு ஆபீஸர், இவரே பேரு போட்டு, வூட்டு அட்ரஸ் போட்டு எழுதிக் குடுத்திருக்காரு, இவருக்கு ஒண்ணும் ஆவலன்னு சொல்றேன். காட்டலாமில்ல சார்?"

எந்த ஏழு வாசல்களுக்குத் தெரியக் கூடாது என்று நான் ஒன்பது வாரம் பாடுபட்டேனோ, அதே ஏழு வாசல்கள். ருக்மிணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றாள். என்னைத்தான் பார்த்தாள்.

"காட்டு" என்றேன். திரும்பவும் சொன்னேன். "காட்டு பவுனு. ஆனா அந்த டைரக்டர் ஆத்துக்கு மட்டும் கடைசியாப் போ."

அவள் காகிதத்தை நாலாக மடித்துப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அவரு வூடுதான் சார் கிட்டக்க இருக்குது. அங்கதான் மொதல்ல போறேன்" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு படி இறங்கினாள்.